டிகிரி அண்ணனும் மூன்று குளிர்பெட்டிகளும்

பினாங்குத் தீவில் அந்நாளில் இருந்த அத்தனை பேரிலும், வெயிலைத் தன் சொந்த எதிரியாக நினைத்து அதன்மேல் ஒரு கோப்பே திறந்து வைத்திருந்தவர் டிகிரி அண்ணன் ஒருவர்தான். நாங்கள் மற்றவர்கள் வெயில் ஏறினால் குடை பிடிப்போம், ஐஸ் கச்சாங் சாப்பிடுவோம், அரசாங்கத்தைத் திட்டுவோம். அவர் சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுப்பார்.

கிளார்க்குகள் பேனா செருகும் பை அது. அவருடைய பையில் பேனா ஒன்று, வெப்பமானி இரண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று. காப்பிக் கடையில் தே தாரேக் வந்தால் முதலில் வெப்பமானி குடிக்கும், பிறகுதான் அவர். கல்யாண வீட்டில் பாயசத்துக்குள் விடுவார். ஒரு சாவு வீட்டில் அதை அவர் வெளியே எடுத்தபோது நான் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். காப்பிக்குத்தான் எடுத்தாராம். எனக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை வரவில்லை.

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அவர் பழைய கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில், பெரியப்பா தபாலில், இவர் கப்பலில். குளிர் அறையில் ஏற்றி அனுப்பிய சரக்கு கெட்டுப்போய் வந்து சேர்ந்தால், அந்தப் புகாருக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. உருகிய வெண்ணெய்க்கும் அழுகிய ஆப்பிளுக்கும் முப்பது வருஷம் பதில் எழுதிய மனிதர், குளிர்பெட்டி என்ற ஒன்றை எப்படி நம்புவார்? நான் பக்கத்து மேசைக்காரன். அவரைவிடப் பதினைந்து வயது இளையவன், பல்கலைக்கழகம் போய் வந்தவன், அந்தத் தலைக்கனம் கொஞ்சம் உள்ளவன்.

அவர் மனைவி புனிதம் அக்காவுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின். ஊசி போடுவது அண்ணன்தான். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் திறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம், கண் டாக்டர் அக்காவிடம், கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் பார்வை மங்கிவிடும், பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா இரண்டு நாள் வழக்கம்போல வீட்டு வேலைகளைப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் இடியப்பம் அவித்துக்கொண்டே, சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார்.

தீவில் பிறந்த ஒருவர் இதைக் கேட்பது வேடிக்கைதான். ஆனால் எங்கள் ஊரில் கிழக்கே பார்த்தால் பட்டர்வொர்த். அங்கே சூரியன் ஆலைப் புகைபோக்கிகளுக்கு நடுவிலிருந்து, காலை ஷிப்டுக்குப் போகிறவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்பும். திறந்த கடலிலிருந்து எழும்ப வேண்டுமானால் நாட்டைக் குறுக்கே கடந்து மறுகரைக்கு, திரெங்கானுப் பக்கம் போக வேண்டும். வழியில் தங்கித் தங்கிப் போய் வரப் பத்து நாள். பத்து நாளும் அக்காவின் மருந்து கெடாமல் இருக்க வேண்டும்.

அண்ணன் ஒரு பழைய வேன் வாங்கினார். பின்பக்கம் பலகை அடித்து மெத்தை போட்டார், திரை தைத்து மாட்டினார், சின்ன அடுப்பு வைத்தார். எல்லாம் மூன்றே வாரத்தில் முடிந்தது. குளிர்பெட்டி ஒன்றுதான் பாக்கி.

பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போங்கள் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னோம். அண்ணன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் யாழ்ப்பாணப் பேச்சை விடாதவர். என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“ஐஸ் எண்டால் பூச்சியம். மருந்துக்கு வேணும் இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில. கீழ போனா உறைஞ்சு சாகும், மேல போனா வெந்து சாகும். நீர் பியர் குடிக்கிற ஆள், உமக்கு இதெல்லாம் விளங்காது லா.”

என் பியரை அவர் இழுத்தது நியாயம்தான். அந்நாளில் சில்லென்ற பியர் இல்லாமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெட்டி குண்டூசி வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். மூன்றையும் ஒப்பிட்டுக் கோப்பில் ‘மினிட்’ எழுத வேண்டும். அந்தக் குறிப்பின் கீழே மேலதிகாரி சிவப்பு மையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் குண்டூசி வரும். அண்ணன் வீட்டையும் இதே முறையில் நடத்தினார். கறிவேப்பிலைக்கு மட்டும் விதிவிலக்கு. குளிர்பெட்டிக்கென்று பச்சை அட்டைக் கோப்பு ஒன்று போட்டார். ஒவ்வொரு மினிட்டின் முடிவிலும் ‘தங்கள் முடிவுக்கு’ என்று எழுதுவார். யாருடைய முடிவுக்கு? வீட்டில் அவருக்கு மேலே இருந்தவர் அக்கா. அக்காவுக்குக் கோப்பு போகாது.

முதல் பெட்டி சூலியா தெருவில் கிடைத்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், எல்லாருக்கும் அவர் நானா. பெட்டிக்குள் வாயுவும் இல்லை, மோட்டாரும் இல்லை, ஒரு சின்ன விசிறி மட்டும். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினால் போதும், ரிப்பேரே வராது என்றார் நானா. அண்ணன் பரிசோதிக்காமல் பணம் கொடுக்கிற ஆளா? பெட்டியைக் கடன் வாங்கிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு, ஞாயிறு நடுப்பகலில் பாடாங் கோத்தா திடலோரம் வெயிலில் வேனை நிறுத்தினார். பெட்டிக்குள் ஒரு கிளாஸ் தண்ணீர், தண்ணீருக்குள் வெப்பமானி. பயணத்தில் மழை வந்தால் கண்ணாடி மூடித்தானே இருக்கும் என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். கால் மணிக்கு ஒருதரம் அவர் அளவைச் சொல்ல நான் நோட்டில் எழுத வேண்டும். இதற்கு எனக்குக் கூலி, அக்கா கட்டிக் கொடுத்த உளுந்து வடை.

மூன்றாவது அளவு எழுதும்போது என் கையெழுத்து எனக்கே தெரியவில்லை. தள்ளுவண்டியில் பசெம்போர் பலகாரம் விற்கிறவர் கண்ணாடியைத் தட்டி, உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் இருக்கிறதா என்று மலாயில் விசாரித்தார். அண்ணன் அவருக்கும் அளவைச் சொன்னார். வேனுக்குள் நாற்பத்தொன்று, பெட்டிக்குள் இருபத்தொன்று. வெளியே என்ன சூடோ அதில் இருபதைக் கழிக்கும், அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் படிப்பு. கேமரன் மலையில் வைத்தால் பிரமாதமாக வேலை செய்யும். கேமரன் மலையில் பெட்டியே தேவையில்லை.

பெட்டியை நாலு பக்க அறிக்கையோடு திருப்பிக் கொடுத்தார். நானா அறிக்கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்தார்.

“அண்ணே, நான் சாமான் விக்கிறவன். நீங்க பரீட்சை வைக்கிறவரு. நம்ம ரெண்டு பேருக்கும் சரிப்படாது லா.”

ஆனாலும் இரண்டாவது பெட்டியையும் நானாதான் கொடுத்தார். அது சமையல் வாயுவில் ஓடுவது. உள்ளே ஒரு சின்னச் சுடர் எரியும், அந்தச் சூட்டிலிருந்து குளிர் பிறக்கும். எப்படி என்று அண்ணன் எனக்கு மூன்று முறை விளக்கினார், மூன்று முறையும் நான் தலையாட்டினேன். சத்தமில்லை, பேட்டரி செலவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கோபித்துக்கொண்டு குளிரை நிறுத்திவிடும்.

அண்ணன் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் சாலையைப் பார்த்து ஓட்டவில்லை, குமிழியைப் பார்த்து ஓட்டினார். தீவில் மட்டமான இடம் என்று இரண்டுதான், கோல்ஃப் திடலும் கல்லறையும். முன்னதில் வேனை விடமாட்டார்கள். பின்னதில் தங்க அக்கா சம்மதிக்கவில்லை.

பாலத்தைக் கடந்து தாசேக் கெலுகோர் பக்கம் போனோம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தில் குமிழி நடுவில் வந்து நின்றது. அண்ணன் இறங்கித் தரையில் ரசமட்டத்தை நாலு திசையிலும் வைத்து வைத்துப் பார்க்க, நான் பின்னாலேயே எழுதிக்கொண்டு போனேன். வீட்டுக்கார அம்மா ஓடிவந்து எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நிலத்தை அளக்க ஆபீசிலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டான், அளந்து சொல்லுங்கள் என்றார். அண்ணனும் மறுக்காமல் அளந்தார். வேலி நேராகத்தான் இருக்கிறது, உங்கள் மாட்டுக் கொட்டகைதான் சாய்ந்திருக்கிறது என்றார். கொடுத்த இளநீரைத் திரும்ப வாங்கிக்கொண்ட வீடு என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

அந்தப் பெட்டியும் தேறவில்லை. நின்ற வேனில் சாய்ந்தது, ஓடிய வேனில் சுடர் அணைந்தது. இதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. அக்கா ஒரு நாள் என் தட்டில் வடை வைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

“இவர் பெட்டி தேடி முடிக்க முன்னம் என்ர கண் முடிஞ்சுபோகும், தம்பி.”

மூன்றாவது பெட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கப்பல் அதிகாரியின் கையில் வந்தது. வீட்டுப் பெட்டிபோல மோட்டார் வைத்தது, கார் பேட்டரியில் ஓடுவது. மோட்டார் என்றால் பேட்டரியைக் குடிக்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க பத்து காவான் என்ற ஊரில் தோட்டத்துச் சாலை ஓரமாக நிறுத்தி, பெட்டியை நாலு மணி நேரம் ஓட விட்டார். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டது. வேன் அசையவில்லை. வேலை முடிந்து வந்த தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தள்ள வந்தார்கள். இவ்வளவு பாடுபட்டுப் பெட்டியில் அப்படி என்ன கொண்டு போகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். ஒரு கிளாஸ் தண்ணீர் என்று அண்ணன் உள்ளதைச் சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பில் கையை எடுத்துவிட்டார்கள். வேன் பின்னால் உருண்டு என் காலணி ஒன்றை வாய்க்காலில் தள்ளியது.

இரண்டாவது பேட்டரி பொருத்தியதும் அந்தக் குறை தீர்ந்தது. அடுத்த குறை, அந்தப் பெட்டியின் குளிரைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழில் டிகிரியே எழுதியிருக்கவில்லை. ஒன்று முதல் ஏழு வரை வெறும் எண்கள். அண்ணன் அதைத் தனக்குச் செய்த அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டார். ஏழு என்றால் என்ன, ஏழு டிகிரியா, ஏழாம் வகுப்பா என்று குமிழைக் கேட்டார். பதினொரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இரண்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வைத்தால் உள்ளே ஐந்து டிகிரி நிற்கும் என்று கண்டுபிடித்தார். அந்த இடத்தில் அக்காவின் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார். கோப்பில் ‘பொருத்தமானது. தங்கள் முடிவுக்கு’ என்று எழுதிவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டுத் துணிமணிகளை வேனில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்படித்தான் புறப்பட்டோம். அண்ணன் ஓட்டினார், நான் மாற்று ஓட்டுநர். ஓட்டாத நேரத்தில் பின்னால் பெட்டியருகே உட்கார்ந்து கால் மணிக்கு ஒருதரம் அளவு எழுத வேண்டும். மருந்தைத் தவிரப் பெட்டிக்குள் குடிக்கிற தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்பது சட்டம்.

இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயமில்லை. ஆனாலும் அப்போது எனக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது.

என் பையில் மூன்று பியர் டின் இருந்தன. பட்டர்வொர்த்தைத் தாண்டி ஒரு கடையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தி, அவர்கள் இருவரும் கை கழுவப் போனதும், நான் பெட்டியைத் திறந்தேன். மருந்துப் புட்டிகளை ஓரமாகப் பெட்டியின் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, நடுவில் டின்களை அடுக்கித் துண்டால் மூடினேன். குமிழைச் சிவப்புப் பொட்டிலிருந்து, குளிர் உச்சமான ஏழுக்குத் திருகினேன். அரை மணி நேரத்தில் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பாதித் தூக்கத்திலேயே கிரிக் என்ற ஊரைத் தாண்டினேன், பிறகு காட்டுக்குள் ஏறும் நெடுஞ்சாலை. நல்ல காற்று. வயிறு நிறைய அக்காவின் இடியப்பமும் சம்பலும். அண்ணன் முன்னாலிருந்து, “எத்தனை?” என்று குரல் கொடுப்பார். நான் கண்ணைத் திறக்காமல், “அஞ்சு” என்பேன். ஐந்து என்றே எழுதுவேன். திரும்பத் தூங்கிவிடுவேன். மூன்று மணி நேரம், பன்னிரண்டு ஐந்துகள். என் வாழ்நாளில் அவ்வளவு சீராக நான் எதையும் எழுதியதில்லை.

தெமெங்கோர் ஏரிக்கரையில் மதியச் சாப்பாட்டுக்கு வேன் நின்றபோதுதான் விழித்தேன். பெட்டியைத் திறந்தால் சுவரெல்லாம் வெள்ளை. டின்களைப் பைக்குள் போட்டு, குமிழைப் பொட்டுக்குத் திருப்பி, மூடியைச் சாத்தினேன். ஐந்து நிமிஷத்தில் அண்ணன் கை துடைத்துக்கொண்டு வந்து திறந்தார். பூச்சியத்துக்குக் கீழே மூன்று. புட்டிகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பத்து நாள் மருந்தும் உள்ளே கட்டியாக நின்றது.

எவரும் என்னைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். அவர் நோட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் கோப்போடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு, எழுதப்பட்டது நடந்தது, எழுதப்படாதது நடக்கவில்லை. கடைசி அளவு ஐந்து. அப்படியானால் கால் மணியில் எட்டு டிகிரி விழுந்திருக்கிறது.

“தம்பி ஒழுங்கா எழுதியிருக்கிறார்,” என்றார் அக்காவிடம். “பெட்டிதான் பொய் சொல்லுது.”

அக்கா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கோத்தா பாரு ஆஸ்பத்திரியில மருந்து தருவினம்தானே. பாதி வழி வந்திட்டம்.”

“தருவினம். அதைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது? இந்தக் கள்ளப் பெட்டிக்குள்ளயோ?”

வேனைத் திருப்பினார். அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பெட்டியில் பழுதில்லை என்று தெரிந்திருக்கும். கோத்தா பாருவில் மருந்து வாங்கிக்கொண்டு மேலே போயிருப்போம். மூன்றாம் நாள் காலை அக்கா சூரியனைப் பார்த்திருப்பார், இரண்டு கண்ணாலும். நான் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னைக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். காரணம் அவ்வளவு சின்னது. அந்த டின்களை மூன்று நாள் திறக்க மனம் வரவில்லை. நான்காம் நாள் திறந்தேன்.

பிறகு பதினான்கு மாதம். அண்ணன் பெட்டி செய்த கம்பெனிக்குப் பதினொரு பக்கக் கடிதம் எழுதினார். எங்கள் பெட்டி இப்படி நடந்துகொள்ள வழியே இல்லை என்று அவர்கள் பணிவாகப் பதில் போட்டார்கள். அண்ணன் என் பன்னிரண்டு ஐந்துகளையும் நகலெடுத்து, ‘மூலத்தின் சரியான நகல்’ என்று என்னிடமே சான்றுக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். என் பொய் விமானம் ஏறி ஆஸ்திரேலியா போய் வந்தது. நான் அதுவரை சிங்கப்பூரைத் தாண்டியதில்லை.

வேறு பெட்டி தேடினார். நானா தூரத்தில் அவரைக் கண்டால் கடைப் பையனை முன்னால் விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவார். அக்காவின் இடது கண் அந்த வருஷமே போயிற்று. வலது கண்ணும் மங்கத் தொடங்கியது. தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவார். அண்ணன் பேசிக்கொண்டே கோப்பையைத் தேத்தண்ணீர் விழுகிற இடத்துக்கு நகர்த்திவிடுவார். எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதை நாலு ஞாயிறு பார்த்தேன். ஐந்தாவது ஞாயிறு, அண்ணன் நானாவைத் தேடிப் போயிருந்த நேரம், அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அந்தப் பெட்டி கெட்டுப்போகலை. நான்தான் திருகினேன். பியருக்காக.”

அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையைத் தடவி ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, “எத்தனை?” என்றார்.

“மூணு டின்.”

“குளிர்ந்துதோ?”

“குளிர்ந்துச்சு.”

“சரி. ஆருக்காவது அந்தப் பெட்டி உதவியிருக்கு.”

துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். என்னைத் திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் திட்டவில்லை.

“உம்மை இந்த வீட்டுக்குள்ள விடக் கூடாது,” என்றார் கடைசியில். “விடாட்டி அவருக்கு வேற ஆர் இருக்கினம்? அவருக்கு ஒண்டும் சொல்லாதேயும். சொன்னா உம்மையும் நம்பமாட்டார், எழுத்தையும் நம்பமாட்டார். பிறகு அந்த மனுசனுக்கு மிச்சம் என்ன? என்னைக் கூட்டிக்கொண்டு போம். இந்த மாசமே. மற்றக் கண் இருக்கேக்க.”

அண்ணனை எப்படிக் கிளப்புவது? கெஞ்சினால் வெப்பமானியை எடுப்பார், அழுதால் கோப்பை எடுப்பார். அன்றிரவெல்லாம் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இதற்கிடையில் படித்தவன் என்பதற்காக என்னைப் பிரிவுத் தலைவன் ஆக்கியிருந்தார்கள். அதாவது அவருக்கு மேலதிகாரி. அக்காவிடமிருந்து பச்சைக் கோப்பை வாங்கி அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ‘தங்கள் முடிவுக்கு’ என்ற வரியின் கீழே சிவப்பு மையில் எழுதினேன். மூன்றாம் பெட்டி அனுமதிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை புறப்படவும். அளவுகளுக்கு நானே பொறுப்பு. கையெழுத்து, அலுவலக முத்திரை. அவர் மேசைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

சிவப்பு மையைக் கண்டதும் அண்ணன் எழுந்து நின்றார். மேலிடத்துக் குறிப்பை அவர் உட்கார்ந்து படித்ததில்லை. இரண்டு முறை படித்தார். பச்சைக் கோப்பு வீட்டிலிருந்து எப்படி வந்தது, வீட்டுப் பெட்டிக்கு அலுவலக முத்திரை எதற்கு, எதையும் கேட்கவில்லை. ஓரத்தில் ‘கண்டேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார். என் மேசைக்கு வந்தார்.

“வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?”

அந்தப் பயணத்தில் நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணிக்கு ஒருதரம் திறந்தேன், பார்த்தேன், பார்த்ததை எழுதினேன். ஐந்து, ஐந்து, நாலரை, ஐந்து. அண்ணனுக்கு ஒரே வியப்பு.

“பாரும், உம்மைக் கண்டால் பெட்டிக்குப் பயம்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

திரெங்கானுவில் மீனவர் குடியிருப்புக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தித் தங்கினோம். முதல் நாள் காலை மேகம். இரண்டாம் நாள் மழை. கோப்பில் இதற்கெல்லாம் இடமில்லாததால் அண்ணன் தவித்துப்போனார். மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது. மணலில் மடக்கு நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தோம். கடலின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. அக்கா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். வேனில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஓடிவந்து, “அந்தா, அந்தா” என்று கையை நீட்டிக்கொண்டு சரியாக அக்காவுக்கும் சூரியனுக்கும் நடுவில் நின்றார்.

“தள்ளி நில்லுங்கோ,” என்றார் அக்கா. “முப்பது வருசம் மறைச்சது போதும்.”

அவர் தள்ளி நின்றார். அக்கா நெடுநேரம் பார்த்தார். என்ன தெரிகிறது என்று நான் கேட்டேன்.

“சிவப்பா ஒண்டு வருது. விளிம்பு தெரியேல்ல. ஆனா வருது.”

அந்த விளிம்பு என் கணக்கில் இருக்கிறது. முந்தின வருஷம் என்றால் அதுவும் தெரிந்திருக்கும்.

அக்கா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். கடைசி நாலு வருஷம் பார்வை இல்லை. பெட்டி விஷயத்தை அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு வேனில் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் ஆலோசகர் ஆனார். எந்தப் பெட்டி வாங்கினாலும் வாங்குங்கள், அந்த மோட்டார் பெட்டியை மட்டும் தொடாதீர்கள், கால் மணியில் எட்டு டிகிரி விழும், இதோ சாட்சி என்று என்னைக் காட்டுவார். நான் தலையாட்டுவேன். அவர் பேச்சைக் கேட்டு அதை வாங்காமல் விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அதில் ஒரு குறையும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் போய்ப் பல வருஷமாகிறது. எனக்கும் இப்போது சர்க்கரை, காலையும் மாலையும் ஊசி. அவரிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊசி போடும்போதெல்லாம் யோசிக்கிறேன். முதலில் நோட்டை எடுத்திருப்பார். எத்தனை மணிக்குத் திருகினீர், எத்தனை நிமிஷம், டின் எந்தப் பக்கம், புட்டி எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருப்பார். பிறகு நாலைந்து நாள் என் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார். அந்த நாட்களில் ஒரு நாள் மாலை பீச் ஸ்ட்ரீட்டில் மழை பிடித்துக்கொண்டு, நான் குடையில்லாமல் வாசலில் நின்றிருந்தால், பேசாமல் வந்து வேனை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டிருப்பார்.